கியூபெக் பிரெஞ்சு “கெட்டுப்போன பிரெஞ்சா”? பாரிஸ் பாடம் படித்தவர் மாண்ட்ரியலில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பனைமட்டை:

பிரான்ஸ் பாடநூல்களில் பி2 நிலை வரை முடித்து, கனடாக் குடியேற்றத்துக்கான டிசிஎஃப் கனடா பிரெஞ்சுத் தேர்வு எழுதி, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரியல் நகருக்குப் போகத் தயாராகிறவர்களுக்கான கேள்வி இது. வகுப்பில் கியூபெக் என்று வாயெடுத்தாலே “அது பட்டிக்காட்டுப் பிரெஞ்சு, காதில் வாங்காதீர்கள், உங்கள் உச்சரிப்பும் கெட்டுவிடும்” என்கிறார்கள். யூடியூபில் மாண்ட்ரியல்காரர்கள் பேசுவதைக் கேட்டாலோ பத்துச் சொல்லில் நாலுதான் பிடிபடுகிறது.

அந்தப் பேச்சு தவறானதா, வெறுமனே வேறானதா? பிடிபடாமல் போவது எந்தெந்த ஒலிகளால்? காதைப் பழக்கினால் போதுமா, வாயையும் மாற்ற வேண்டுமா? தேர்விலும் வேலை விண்ணப்பத்திலும் கியூபெக் சொல் எழுதினால் இடிக்குமா? “எல்லா மொழியும் அழகுதான்” ரகப் பதில் வேண்டாம். குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஒலிக்காரன்:

முதலில் காது. உங்களுக்குப் பிடிபடாததில் பெரும்பகுதி நாலைந்து ஒலி விதிகளுக்குள் அடங்கிவிடும்.

இ, யு ஆகிய உயிர்களுக்கு முன் வரும் த‑வில் ஒரு ஸ் ஒட்டிக்கொள்ளும். “நீ” என்று பொருள்படும் “த்யு” அங்கே “த்ஸ்யு”. ‘பந்து’வில் வரும் மெலிந்த த‑வுக்கும் அதே கதிதான். ஞாயிற்றுக்கிழமையான “திமான்ஷ்” கிட்டத்தட்ட “த்ஸிமான்ஷ்” ஆகும், ஸ் மட்டும் தேனீ இரைவது மாதிரி அதிரும். ஆ, ஓ போன்ற உயிர்களுக்கு முன் இது நடக்காது. இதைக் கொச்சை என்று நினைத்துவிட வேண்டாம். செய்தி வாசிப்பவரும் இப்படித்தான் பேசுகிறார், மாகாண முதல்வரும் இப்படித்தான்.

அடுத்தது, மெய்யில் முடியும் அசையில் இ, உ, யு தளரும். விரைவு என்னும் “வித்”, “வெத்” பக்கம் சாயும். சாலை என்னும் “ரூத்”, “ரொத்” பக்கம் சாயும். நாம் இலையை எலை என்பதும் உடம்பை ஒடம்பு என்பதும் போல. காரணம் வேறு, காதில் விழும் விளைவு ஏறக்குறைய அதே.

மூக்கொலிகளில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இன்றைய பாரிஸ் பேச்சில் பொதுவாக மூன்று மூக்குயிர்கள். கியூபெக்கில் பழைய நான்கும் அப்படியே இருக்கின்றன. பழுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லும் துரும்பைக் குறிக்கும் சொல்லும் பாரிஸில் ஒன்றாகிவிட்டன, கியூபெக்கில் தனித்தனி. இதுகூடப் பரவாயில்லை. சிக்கல் “ஆன்” ஒலியில். கியூபெக்கில் அது வாயின் முன்பக்கம் நகர்ந்துவிட்டதால், காற்றைச் சொன்னால் பாரிஸ் காதுக்கு திராட்சை மது என்று கேட்கும். நூறு டாலர் என்றதை ஐந்து டாலர் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஐந்து என்றால் முடிவில் பெரும்பாலும் ஒரு க் கேட்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெடிலும் ஒரு விஷயம். பாரிஸ் ஏறத்தாழத் தொலைத்துவிட்ட குறில்–நெடில் வேறுபாட்டைக் கியூபெக் காப்பாற்றி வைத்திருக்கிறது. விலங்கின் கால் என்பதற்குக் குறில், பிசைந்த மாவு என்பதற்கு நெடில்: “பத்”, “பாத்”. தமிழ்க் காதுக்கு இது லட்டு மாதிரி. ஆனால் பேச்சு தளரத் தளர அந்த நெடில் இரண்டாக உடையும். அப்பா என்னும் “பேர்”, “பாயெர்” என்று வளையும். ஒருவர் எவ்வளவு வளைக்கிறார் என்பதை வைத்தே அவர் சபையில் பேசுகிறாரா, சமையலறையில் பேசுகிறாரா என்று சொல்லிவிடலாம்.

மிச்சமெல்லாம் சுருக்கம். “ஜ ஸ்யுய்” (நான் … ஆக இருக்கிறேன்) “ஷ்யு” ஆகும். அவள் என்னும் “எல்” வெறும் “ஆ”. பாரிஸ்காரரும் “ஷ்யுய்” என்றுதான் விழுங்குகிறார். பாடநூல் ஒலித்தட்டு மட்டும் விழுங்காது.

பழகும் முறை: முதல் இரண்டு வாரம் ரேடியோ‑கனடா செய்தி மட்டும். அடுத்து அதே நிறுவனத்தின் ஓதியோ செயலியில் உரையாடல் நிகழ்ச்சிகள். நகைச்சுவைத் தொடர்கள் கடைசியில். மூன்று நிமிடத் துண்டை மூன்று முறை கேட்பது, ஒரு மணி நேரம் பின்னணியில் ஓடவிடுவதைவிட மேல். நேராக நகைச்சுவையில் குதிப்பவர்கள்தான் “பத்தில் நாலு” என்று வருகிறார்கள்.

வாய்? மாற்ற வேண்டாம். தமிழ் ர‑வையும் விட்டுவிடுங்கள். மாண்ட்ரியல் வட்டாரத்தின் பழைய ர நுனிநாக்கு ர‑தான். 1950களுக்குப் பிறகுதான் தொண்டை ர அங்கே பரவியது. வயதானவர்களிடம் இன்னும் கேட்கலாம்.

பழையகணக்கு:

“பட்டிக்காட்டுப் பிரெஞ்சு” என்ற பட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். அது அந்தப் பேச்சோடு கூடப் பிறந்ததல்ல.

1720இல் கியூபெக் சென்ற பாதிரியார் சார்ல்வுவா, நம் மொழியை இதைவிடத் தூய்மையாக எங்கும் பேசவில்லை, உச்சரிப்பு வேறுபாடே தென்படவில்லை என்ற பொருளில் எழுதிவைத்தார். அன்று பிரான்ஸ் கிராமங்களில் பெரும்பாலானோர் பேசியது பிரெஞ்சே அல்ல, பிரெத்தோன், ஆக்ஸித்தான், பிக்கார் போன்றவை. 1794இல் ஆபே கிரெகுவார் புரட்சி அரசுக்குக் கொடுத்த அறிக்கையே, பிரெஞ்சைச் சுத்தமாகப் பேசுவோர் 30 லட்சம் பேருக்கு மேல் இல்லை என்று அழுதது. அதே காலத்தில் கனடாவின் குடியேறிகள், பல வட்டாரங்களிலிருந்து வந்து கலந்ததால், பொதுப் பிரெஞ்சுக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

அப்புறம் இரண்டு வெட்டு. 1763இல் கனடா இங்கிலாந்து வசமானது, பாரிஸோடு இருந்த போக்குவரத்து அறுந்தது. 1789இல் புரட்சி, அரசவை உச்சரிப்பு மதிப்பிழந்தது. இன்று எல்லாரும் கேலி செய்யும் “முவே, துவே” (என்னை, உன்னை) அரசவையில் புழங்கிய உச்சரிப்புதான். அரசனைக் குறிக்கும் சொல்லை அரசனே “ருவே” என்றுதான் சொல்லியிருப்பான். புரட்சிக்குப் பின் பாரிஸ் “ருவா”வுக்கு மாறியது, கனடாவுக்குத் தகவல் வரவில்லை. அரண்மனையில் இருந்தபோது அழகு, பண்ணையில் மிஞ்சியபோது அசிங்கம். ஒலி மாறவில்லை, அதைப் பேசியவரின் சட்டைப்பைதான் மாறியது.

சட்டைப்பை என்பதைச் சும்மா சொல்லவில்லை. மாண்ட்ரியலில் ஆலையும் வங்கியும் ஆங்கிலம் பேசுவோர் கையில் இருந்தன. 1960இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் குழு ஒரு சோதனை வெளியிட்டது. இருமொழியும் சரளமான ஒரே ஆட்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே பகுதியைப் படிக்கவைத்து ஒலிப்பதிவு. கேட்ட மாணவர்களுக்கு இரண்டும் ஒரே குரல் என்பது தெரியாது. அறிவு, நம்பகம், உயரம், தோற்றம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆங்கில மாணவர்கள் ஆங்கிலக் குரலை உயர்த்தியதில் வியப்பில்லை. பிரெஞ்சு மாணவர்களும் ஆங்கிலக் குரலைத்தான் உயர்த்தினார்கள், தங்கள் மொழிக் குரலை ஆங்கில மாணவர்களைவிடவும் பல பண்புகளில் கீழே தள்ளினார்கள். அதே ஆண்டில்தான் ஜான்‑போல் தெபியென் என்ற ஆசிரியத் துறவி, பிள்ளைகள் பேசுவது பிரெஞ்சே அல்ல, “ஜுவால்” என்று நூல் எழுதிப் பரபரப்பாக்கினார். குதிரை என்னும் “ஷெவால்” சிதைந்தால் வரும் ஒலி அது. 1968இல் மிஷேல் திராம்ப்ளே அதே ஜுவாலில் நாடகம் போட்டு அரங்கேற்ற, பாதி ஊர் கை தட்டியது, பாதி ஊர் தலையில் அடித்துக்கொண்டது.

வகுப்பில் உங்களுக்குச் சொன்னது இந்தப் பழைய வெட்கத்தின் எதிரொலி. திசைச்சொல்லையும் சொல்வகைகளுள் ஒன்றாக வைத்து இலக்கணம் செய்த மொழிக்காரர்கள், அடுத்தவன் திசைச்சொல்லைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்கு எப்போதும் வேடிக்கை.

மேப்பிள்கிளை:

மொன்றியலில நாளாந்தம் தேவைப்படுறதைச் சொல்லுறன்.

சாப்பாட்டுப் பேர்தான் முதல் பொறி. பிரான்ஸில “தேஜுனே” மத்தியானம், “தினே” இரவு. இஞ்ச தேஜுனே காலமை, தினே மத்தியானம், இரவுக்கு “சூப்பே”. பெல்ஜியத்திலையும் சுவிஸிலையும் இதே மாதிரித்தான். ஆரும் “தினேக்கு வாங்கோ” எண்டால் இரவு எட்டு மணிக்குப் போய் நிக்காதேங்கோ.

கேள்வி கேக்கேக்க வினைச்சொல்லுக்குப் பின்னால ஒரு “த்ஸ்யு” வரும். “செ‑த்ஸ்யு லுவன்?” எண்டால் தூரமோ எண்டு அர்த்தம். அந்த த்ஸ்யு “நீ” இல்லை, எங்கட “ஓ” மாதிரி வெறும் கேள்விக்குறி. அவன், அவள், நான் எல்லாத்துக்கும் ஒட்டும். பழைய பிரெஞ்சில வினைக்குப் பின்னால வந்த “தி”தான் இப்பிடி மாறினது. பாடநூலில இல்லாதபடியால் கனபேர் குழம்புகினம்.

வீடு தேடேக்க “கத்ர் ஏ தெமி”, நாலரை எண்டு போட்டிருக்கும். நாலு அறையும் குளியலறைக்கு அரையும். குசினியும் வரவேற்பறையும் அந்த நாலுக்குள்ள அடக்கம், படுக்கையறை ரெண்டுதான் இருக்கும். “ஷோஃபே, எக்லேரே” எண்டால் வெப்பமாக்கலும் மின்சாரமும் வாடகைக்குள்ள. கன ஒப்பந்தங்கள் யூலை 1இல துவங்கும். அண்டைக்கு ஊரே மெத்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில நிக்கும்.

“தெப்பனர்” பிரான்ஸில திருத்தவேலைக்காரன், இஞ்ச மூலைக்கடை. “பாலையெஸ்” அங்க தெரு கூட்டுற வாகனம், இஞ்ச வீட்டு வக்யூம். கதவைப் பூட்டுறது “பாரே”. டொலருக்குப் பேச்சில “ப்யாஸ்”. கார் “ஷார்”. சலிப்பானதுக்கு “ப்லாத்”. “பொன்ஜூர்” வரேக்கயும் சொல்லுவினம், போகேக்கயும் சொல்லுவினம். நன்றி சொன்னால் பதில் “பியன்வன்யு”. பிள்ளைகளுக்குப் பிரான்ஸில சொல்லுற “கோஸ்” எண்ட சொல்லை மட்டும் இஞ்ச பாவிக்காதேங்கோ, அது ஆம்பிளையளின்ர விதை.

“நீங்கள்” விசயமும் இருக்கு. இஞ்ச வேலையிடத்தில கெதியா “நீ”க்கு வந்திடுவினம். அது மரியாதைக்குறைவு இல்லை. முதலில “வூ”வில, அதாவது “நீங்கள்” எண்டு துவங்குங்கோ, அவை மாறினால் மாறுங்கோ.

பெரிய தொல்லை உச்சரிப்பே இல்லை. நீங்கள் ஒரு நொடி தயங்கினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிடுவார். “பொன்ஜூர்‑ஹாய்” எண்ட வரவேற்பை விடச் சொல்லி 2017இல மாகாணச் சட்டசபையே தீர்மானம் போட்டது. அவர் தாவினாலும் நீங்கள் பிரெஞ்சிலயே தொடருங்கோ, ரெண்டாவது வசனத்தில திரும்பி வந்திடுவார்.

பனைமட்டை:

நன்றி, எல்லாருக்கும். அப்படியானால் கியூபெக்கில் “சரியான பிரெஞ்சு” என்று ஒன்று உண்டா, இல்லை எல்லாம் சரியா? தேர்வும் விண்ணப்பமும் இன்னும் பாக்கி.

எழுதுகோல்:

உண்டு. இந்தக் குழப்பம் வட்டாரத்தையும் தளத்தையும் (முறையான பேச்சா, வீட்டுப் பேச்சா என்பதையும்) ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால் வருவது. ஒலிக்காரன் சொன்ன “த்ஸ்” கியூபெக்கின் எல்லாத் தளத்துக்கும் உரியது. “முவே”, “ஷ்யு”, வளைந்த நெடில் எல்லாம் கியூபெக்கின் பேச்சுத் தளம். செய்தி வாசிப்பவர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விடுகிறார். பிரெஞ்சு ஆசிரியர் சங்கம் 1977இல், பள்ளியில் கற்பிக்க வேண்டியது “இவ்விடத்துப் பொதுப் பிரெஞ்சு” என்று தீர்மானித்தது இதைத்தான்: முறையான சூழலில் கியூபெக் மக்கள் பேச முனையும் வடிவம். அதே 1977இல் 101ஆம் சட்டமும் வந்து, வேலையிடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் பிரெஞ்சைக் கட்டாயமாக்கியது.

எது எந்தத் தளம் என்று பார்க்க ஊசிட்டோ அகராதி, இலவசம். ஷேர்புரூக் பல்கலைக்கழகம் உருவாக்கியது. கியூபெக்குக்கே உரிய சொல்லுக்கு ஒரு குறியீடு, ஐரோப்பாவுக்கே உரிய சொல்லுக்கு இன்னொன்று. பாரிஸ் அகராதிகள் கியூபெக் சொல்லுக்கு மட்டும் முத்திரை குத்தும், பாரிஸ் சொல் பொது என்பது போல. இங்கே இரண்டு பக்கமும் குத்து விழுகிறது. கலைச்சொல் வேண்டுமானால் கியூபெக் மொழி அலுவலகத்தின் பெரிய கலைச்சொல் அகராதி.

டிசிஎஃப் கனடா: கேட்டல் 39 வினா, 35 நிமிடம். வாசித்தல் 39 வினா, 60 நிமிடம். எழுத்து 3 பணி, 60 நிமிடம். பேச்சு 3 பணி, 12 நிமிடம். மின்னஞ்சலுக்கு “கூரியேல்”, வார இறுதிக்கு “ஃபான் த ஸெமேன்” எழுதினால் மதிப்பெண் குறையாது. கூரியேல் கியூபெக்கில் பிறந்த சொல்தான். 2003இல் பிரான்ஸ் அரசிதழே அதை ஏற்றுக்கொண்டது. “ஷ்யு” என்று எழுதினால் குறையும், ஏனென்றால் அது தளப்பிழை. பாரிஸ் கொச்சையை எழுதினாலும் அதே அளவு குறையும்.

விண்ணப்பத்தில் பிரான்ஸ் பழக்கம் அப்பட்டமாகத் தெரியும் இடங்கள் சில. கேள்விக்குறி, வியப்புக்குறி, அரைப்புள்ளிக்கு முன் பிரான்சில் இடம் விடுவார்கள், கியூபெக்கில் விடுவதில்லை. முக்காற்புள்ளிக்கு முன் மட்டும் விடுவார்கள். தொகை எழுதும்போது டாலர் குறி எண்ணுக்குப் பின்னால், நடுவில் ஒரு இடைவெளி, தசமத்துக்குக் காற்புள்ளி. பேரெழுத்திலும் உச்சரிப்புக் குறி போட வேண்டும். பெண்ணாக இருந்தால் பதவிப் பெயரைப் பெண்பாலில் எழுதுங்கள்: கியூபெக் 1979இலேயே பரிந்துரைத்துவிட்டது, பிரெஞ்சு அகாதெமி இறங்கிவந்தது 2019இல். புகைப்படம், வயது, திருமண நிலை மூன்றும் வேண்டாம்.

கறார்:

ஒரு எதிர்க்குரல். கியூபெக் பேச்சைப் பழித்தவர்களைத் திட்டும் வேகத்தில் அதைப் புனிதமாக்கிவிடாதீர்கள். “காதலில் விழுதல்”, “ஒரு நடையை எடுத்தல்” என்று ஆங்கிலத்தை அச்சுப் பிசகாமல் பெயர்த்த தொடர்கள் அங்கே ஏராளம், கியூபெக்காரர்களே அவற்றைக் களைகிறார்கள். பாரிஸ் பார்க்கிங், வீக்கெண்ட், ஷாப்பிங் என்று முழுச் சொல்லாக விழுங்குகிறது. கியூபெக் சொல்லைத் தடுத்து வாக்கிய அமைப்பை விழுங்குகிறது. சாலையில் பிரான்ஸ் “ஸ்டாப்” என்று பலகை வைக்க, கியூபெக் “அரே” என்று வைத்திருப்பது பெருமைதான், ஆனால் எலும்பு எது, தோல் எது என்று பார்க்க வேண்டும்.

புதிதாகப் போகிறவர் ஜுவாலைப் போலிசெய்யவும் வேண்டாம். அயலார் வாயில் அது நக்கல் மாதிரி கேட்கும். தேவாலயப் பொருள்களின் பெயரில் உள்ள வசவுகள், “தபர்னாக்” வகையறா, வேடிக்கையாகத் தோன்றும். அவர்களுக்கு அது கெட்ட வார்த்தைதான்.

பிரான்ஸ் பக்கமும் நேர்மையாகச் சொல்லிவிடலாம். அங்கே கியூபெக் பேச்சைத் திட்டமாட்டார்கள், “என்ன இனிமை” என்று சிரிப்பார்கள், திரைப்படத்துக்குப் பிரெஞ்சிலேயே அடியில் எழுத்து ஓட்டுவார்கள். சொந்த நாட்டின் தெற்கத்தி உச்சரிப்புக்கும் அதே வரவேற்புதான். உச்சரிப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் மசோதா 2020 நவம்பரில் பிரான்ஸ் கீழவையில் நிறைவேறியதே இதற்குச் சாட்சி.

பழையகணக்கு:

கறார் சொல்வது சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். கியூபெக் தப்பியது அதற்கு மாகாண அரசும் பள்ளியும் கையில் இருந்ததால். லூசியானாவில் 1921 மாநில அரசியலமைப்பு பள்ளியில் ஆங்கிலம் மட்டும் என்றது, பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1968இல் பிரெஞ்சை வளர்க்கக் கோடோஃபில் என்ற மாநில அமைப்பை ஏற்படுத்தி மீட்கப் புறப்பட்டபோது, ஆசிரியர்களைப் பிரான்ஸ், பெல்ஜியம், கியூபெக்கிலிருந்து இறக்கினார்கள். பிள்ளை பள்ளியில் ஒன்று படித்தது, பாட்டி வேறொன்று பேசினாள். ஆங்கிலம் வெட்கப்படுத்தியது போதாதென்று பாடநூல் பிரெஞ்சும் வெட்கப்படுத்தியது. உள்ளூர்ப் பேச்சுக்கு வகுப்பில் இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆப்பிரிக்காவில் இன்னும் மோசம். 1916இல் பிரெஞ்சு ராணுவம், செனகல் படைவீரர்களிடம் பேசுவதற்கென்று வெட்டிச் சுருக்கிய பிரெஞ்சை அதிகாரிகளுக்குக் கற்பிக்கும் கையேடே அச்சிட்டது. அந்தச் சுருக்கத்தைத் திணித்துவிட்டு, பின்னர் “இவர்களுக்கு இவ்வளவுதான் வரும்” என்று கேலி. இன்று பிரெஞ்சு பேசுவோரில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில். பெட்ரோல் நிலையத்துக்குச் செனகலின் டக்காரில் “எஸ்ஸான்ஸ்ரி” என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்கள்; பாரிஸுக்கு அதற்கு இரண்டு சொல் வேண்டும். 2021இல் வந்த பிராங்கோபோன் அகராதி இணையத்தில் இலவசம், இத்தகைய சொற்களை நாட்டுப் பெயரோடு பார்க்கலாம்.

பனைமட்டை:

கடைசியாக, எண்கள்? எழுபது, தொண்ணூறுக்குக் கியூபெக்கில் வேறு சொல் என்று ஒருவர் சொன்னார்.

மேப்பிள்கிளை:

இல்லை. “ஸெப்தாந்த், நொனாந்த்” பெல்ஜியம், சுவிஸ், கொங்கோ பக்கம். எண்பதுக்கு “யுயித்தாந்த்” சுவிஸின்ர சில மாநிலங்களில மட்டும், பெல்ஜியத்தில எண்பது பாரிஸ் மாதிரித்தான். கியூபெக்கில எல்லாம் பாரிஸ் எண்: அறுபது‑பத்து, நாலு‑இருபது‑பத்து. வித்தியாசம் தொலைபேசி இலக்கத்தில. பிரான்ஸில ரெண்டு ரெண்டா வாசிப்பினம், இஞ்ச மூண்டு, மூண்டு, நாலு எண்டு பிரிச்சு, அநேகமா ஒவ்வொரு இலக்கமா. நீங்கள் சோடி சோடியாச் சொன்னால் எழுதுற ஆள் இடையில நிப்பாட்டித் திரும்பக் கேக்கும்.